கடல்நீர் மீன் தொட்டியில் ரியாக்டர் மக்கர் செய்தால்

(கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வளாகத்தில் இப்போது ஐந்து வீடுகளில் கடல்நீர் மீன் தொட்டி இருக்கிறது. மற்ற வீடுகளில் இருப்பவர்கள், "இதில் எங்களுக்கு என்ன?" என்று எழுந்து போய்விட வேண்டாம். மேல் வீட்டுத் தொட்டி ஒழுகினால் உப்புத் தண்ணீர் இறங்குவது உங்கள் ஃபால்ஸ் சீலிங்கில்தான். போன மழைக்காலத்தில் மீன்கள் செத்ததை வைத்து சங்கத்தின் ஜெனரேட்டர் மீது வந்த புகாரும் உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றியும் சொல்லப்போகிறேன்.

நான் படித்தது பி.காம். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கிளார்க். ரசாயனம் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோயிற்று. ஆனால் மீன் தொட்டி என்பது பாதிக்கு மேல் கணக்குதான். வரவு, செலவு, நிலுவை. அந்தக் கண்ணோடுதான் பேசுகிறேன்.

முதலில் ரியாக்டர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெயர்தான் கல்பாக்கம் மாதிரி இருக்கிறது. பொருள் ஒரு பிளாஸ்டிக் குடுவை. தொட்டிக்கு அடியில் ஒரு சின்னத் தொட்டி இருக்குமே, சம்ப் என்போம், அதிலிருந்து ஒரு குட்டி பம்ப் தண்ணீரை எடுத்துக் குடுவையின் அடிப்பக்கம் தள்ளும். குடுவைக்குள் வடிகட்டும் சரக்கு இருக்கும். தண்ணீர் அதன் வழியாக மேலேறித் திரும்ப சம்ப்பில் விழும். சரக்கு மூன்று வகை: ஃபாஸ்பேட்டைப் பிடிக்கும் ஃபெரிக் ஆக்சைடு மணிகள் (துரு நிறத்தில் ரவை மாதிரி இருக்கும், கடைக்காரர்கள் ஜி.எஃப்.ஓ. என்பார்கள்), தண்ணீரின் மஞ்சள் நிறத்தையும் வாடையையும் எடுக்கும் கார்பன், பாக்டீரியாவுக்குத் தீனியாக இருக்கும் பயோ பெல்லட் உருண்டைகள்.

எதற்கு இவ்வளவு? மீனுக்குப் போடும் தீனியில் ஃபாஸ்பேட் இருக்கிறது. மீன் தின்று கழிக்கிறது, மிச்சம் அழுகுகிறது, ஃபாஸ்பேட் தண்ணீரில் சேருகிறது. கடலில் அது பரந்து போய்விடும், நம் முந்நூறு லிட்டரில் எங்கே போகும்? பாசியாக முளைக்கும். மென்பவளம் வைத்திருப்பவர்கள் 0.03 முதல் 0.10 பிபிஎம்முக்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி. மீன் மட்டும் என்றால் கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை. அதற்காக பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விட்டோம் என்று பெருமைப்படவும் வேண்டாம். பூஜ்யமானால் பவளம் வெளிறும், டைனோ என்கிற பழுப்புச் சளி வந்து உட்காரும். அதை விரட்டுவது பாசியை விரட்டுவதைவிடக் கஷ்டம்.

சரி, ரியாக்டர் ஓடுகிறது, பாசி குறையவில்லை. உடனே எல்லோரும் செய்வது கடைக்குப் போய்ப் புதுச் சரக்கு வாங்குவது. தயவுசெய்து அதற்கு முன்னால் இரண்டு பரிசோதனை செய்யுங்கள். தொட்டித் தண்ணீரில் ஒரு ஃபாஸ்பேட் அளவு, ரியாக்டரிலிருந்து வெளியே வரும் தண்ணீரில் ஒரு ஃபாஸ்பேட் அளவு. வங்கியில் கேஷ் புக்கையும் பாஸ் புக்கையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எங்கே என்று பார்ப்போமே, அதேதான். வித்தியாசம்தான் விஷயத்தைச் சொல்லும்.

தொட்டியில் 0.20, வெளியே வருவதில் 0.18 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரியாக்டர் வேலை செய்யவில்லை. காரணம் இரண்டில் ஒன்று. திறந்து பாருங்கள். மணிகள் உதிரியாக இருந்தால் சரக்கு தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். கட்டி தட்டிப்போய் நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் சரக்கில் இன்னும் சத்து இருக்கலாம், ஆனால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே குறுக்கு வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

தொட்டியில் 0.20, வெளியே 0.02, ஆனால் இரண்டு வாரமாகத் தொட்டியின் அளவு இறங்கவில்லை என்றால்? அப்போது ரியாக்டரைத் திட்டாதீர்கள். அது வாங்கின சம்பளத்துக்கு வேலை செய்கிறது. ஒன்று, அதன் வழியாகப் போகும் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கலாம். அல்லது, உங்கள் தொட்டியில் வரவு அதிகம். முந்நூறு லிட்டரில் 0.20 பிபிஎம் என்றால் மொத்தமே அறுபது மில்லிகிராம் ஃபாஸ்பேட், ஒரு சிட்டிகைகூட இல்லை. இவ்வளவு சின்ன நிலுவையைக் கரைக்க முடியாவிட்டால், யாரோ தினமும் டெபாசிட் செய்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. சில டிஜிட்டல் கருவிகள் ஃபாஸ்பேட்டைக் காட்டுவதில்லை, ஃபாஸ்பரஸை பிபிபி கணக்கில் காட்டும். அந்த எண்ணை 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்தான் ஃபாஸ்பேட் பிபிஎம் வரும். கருவி 30 காட்டினால் உண்மையில் 0.09. இதைக் கவனிக்காமல் ஒருவர் ஒரு கருவியிலும் இன்னொருவர் இன்னொரு கருவியிலும் பார்த்துவிட்டு, லிஃப்டில் சண்டை போட்டுக்கொண்ட கதையெல்லாம் நம் வளாகத்தில் உண்டு.

இந்த டெபாசிட் எங்கிருந்து வருகிறது? தீனி முதல் காரணம். உறைய வைத்த தீனிக் கட்டியை அப்படியே போடாமல், ஒரு வடிகட்டியில் வைத்துக் கரையவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். பழைய கல், பழைய மணல் இரண்டாவது. வருடக்கணக்கில் ஃபாஸ்பேட்டைக் குடித்து வைத்திருக்கும், தண்ணீரில் குறையக் குறையத் திருப்பிக் கொடுக்கும். அதற்குப் பொறுமைதான் மருந்து.

மூன்றாவது, நம் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் இதுதான் குற்றவாளி: தண்ணீர். கடல்நீர் தயாரிக்க ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சமையலறை ஆர்.ஓ. இதற்கு ஆகாது. குடிக்கும் தண்ணீர் சப்பென்று இருக்கக் கூடாது என்பதற்காகப் பல மாடல்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு வைத்திருப்பார்கள். ஆர்.ஓ. ஜவ்வைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவதுதான் அதன் வேலை. போதாததற்கு மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு. குடிக்க நல்லது, தொட்டிக்கு வேண்டாத விருந்தாளி. இன்னொன்று, "நம் வளாகத்தில்தான் சாஃப்ட்னர் இருக்கிறதே" என்று ஒரு நண்பர் கேட்டார். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தைக் கொடுக்கிறது. பக்கெட்டில் வெள்ளைப் படிவு வராது. மொத்த டி.டி.எஸ். குறையாது, ஃபாஸ்பேட்டும் அப்படியே இருக்கும். போர்வெல், மெட்ரோ, டேங்கர் என்று நமக்கு மாறி மாறித் தண்ணீர் வருகிறது. இன்றைக்கு இருந்த அளவு அடுத்த வாரம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. ரெசின் கார்ட்ரிட்ஜ் ஒன்று தனியாக வைத்து, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். மீட்டர் சில நூறு ரூபாய்தான். அது ஒன்று இரண்டு என்று ஏற ஆரம்பித்தாலே ரெசின் முடியப்போகிறது. வேண்டாத தண்ணீரை ஊற்றிவிட்டு, அதை எடுக்க விலை கொடுத்து ஜி.எஃப்.ஓ. வாங்குவது, கடன் வாங்கி ஃபிக்சட் டெபாசிட் போடுகிற மாதிரி.

இப்போது ஓட்டத்துக்கு வருகிறேன். ரியாக்டர் பிரச்சினைகளில் பெரும்பகுதி தண்ணீர் ஓட்டப் பிரச்சினை. ஒரு லிட்டர் ஜாடியை வெளிவரும் குழாயில் பிடியுங்கள், எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று போனில் பாருங்கள். முப்பது விநாடி என்றால் மணிக்கு 120 லிட்டர். நம் அளவுத் தொட்டிகளில் ஜி.எஃப்.ஓ.வுக்கு அது சரியான ஓட்டம். குடுவையைப் பார்த்தால் மேல் அடுக்கு மட்டும் உலை நீரில் அரிசி கொதிக்க ஆரம்பிக்கிற மாதிரி லேசாக அசைய வேண்டும். தளதளவென்று கொதித்தால் மணிகள் ஒன்றோடொன்று உரசித் தூளாகித் தொட்டிக்குள் போய்விடும். அசையாமலே கிடந்தால் கட்டி தட்டும். காரத்தன்மை அதிகமாக வைத்திருக்கும் தொட்டிகளில் சுண்ணாம்பும் சேர்ந்து படிந்து செங்கல் ஆகிவிடும்.

ஓட்டம் குறைந்துபோனால் வால்வைத் திருகுவதற்கு முன் பம்பை எடுத்துப் பாருங்கள். இம்பெல்லரில் சுண்ணாம்பு படிந்திருக்கும். வெள்ளை வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். அடுத்து, குடுவையின் மேலும் கீழும் இருக்கும் ஸ்பான்ஜ். அதில் அடைப்பு இருந்தால் பம்ப் எவ்வளவு தள்ளியும் பிரயோஜனமில்லை. குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, குடுவையின் உச்சியில் காற்று நிற்கிறதா என்றும் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் வால்வு.

புதுச் சரக்கு போடும்போது பக்கெட்டில் கழுவுங்கள், செம்மண் கரைசல் மாதிரி வரும், தெளியும் வரை விடாதீர்கள். முதல் ஐந்து லிட்டரையும் வெளியே பக்கெட்டில் பிடித்துக் கொட்டுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதியோடு ஆரம்பியுங்கள். ஃபாஸ்பேட் ஒரே நாளில் சரிந்தால் பவளம் தாங்காது.

கார்பனைப் பற்றி ஒரே விஷயம். அதைக் குதிக்க விடாதீர்கள், அடங்கிக் கிடக்க வேண்டும். உரசிக் கரித்தூள் பறந்தால் மீனுக்கு ஆகாது. சர்ஜன் மீன்களுக்குத் தலையிலும் பக்கவாட்டிலும் தோல் அரித்துப் பள்ளம் விழும் நோய்க்கும் கரித்தூளுக்கும் தொடர்பு இருப்பதைப் பரிசோதனையில் கண்டிருக்கிறார்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

இனி பயோ பெல்லட். அந்த இரவுக்கு வருகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

மழையில் கேபிள் பழுதாகி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் பொது விளக்குக்கும் வீட்டுக்கு ஒரு விளக்கு, ஃபேனுக்கும்தான் என்பது நமக்குத் தெரிந்த ஏற்பாடு. அந்த வீட்டில் விழிப்பாகத்தான் இருந்தார்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வைத்திருந்தார்கள், இரவு முழுக்கக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஐந்தரை மணிக்கு அந்த வீட்டம்மா டார்ச் அடித்துப் பார்த்தபோது ஆறு மீனும் நன்றாக நீந்திக்கொண்டிருந்தன. ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. எல்லா பம்பும் தானாக ஓட ஆரம்பித்தன. ஏழு மணிக்குள் ஆறும் செத்துவிட்டன.

ஜெனரேட்டர் கொடுக்காததால் செத்தது என்று புகார் வந்தது. அந்தத் துக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் நேரத்தைப் பாருங்கள். கரண்ட் இல்லாத எட்டு மணி நேரமும் மீன்கள் உயிரோடு இருந்தன. செத்தது கரண்ட் வந்த பிறகு. நான் போனபோது கூடத்தில் அழுகின முட்டை நாற்றம் இன்னும் போகவில்லை. ரியாக்டர் மூடியைத் திறந்ததும் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். பெல்லட் குடுவை முழுக்கக் கோடிக்கணக்கான பாக்டீரியா. பம்ப் நின்றதும் மூடிய குடுவைக்குள் இருந்த ஆக்சிஜனைச் சீக்கிரத்திலேயே தின்று தீர்த்துவிடும். பிறகு ஆக்சிஜன் தேவைப்படாத வேறு பாக்டீரியா தலையெடுக்கும். கடல்நீரில் சல்ஃபேட் நிறைய இருக்கிறது, லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கும் மேல். அவை அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அதுதான் அழுகின முட்டை வாடை. கொடிய விஷம். ஆறு மணிக்கு பம்ப் ஓடியதும் குடுவையில் தேங்கியிருந்த இரண்டு லிட்டர் விஷம் நேராகத் தொட்டிக்குப் போனது. ஏர் பம்ப் காப்பாற்றிய மீன்களை ரியாக்டர் கொன்றது. அந்தக் குடும்பத்தாரின் கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் வாங்கிய குடுவையோடு வந்த காகிதத்தை வரி விடாமல் படித்தேன், மின்வெட்டு என்ற வார்த்தையே அதில் இல்லை.

ஆகவே பெல்லட் வைத்திருப்பவர்கள் ரியாக்டர் பம்புக்குத் தனி சுவிட்ச் வையுங்கள். கரண்ட் போனதும் அதை அணைத்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், திரும்ப ஓட்டும்போது வெளிக் குழாயை பக்கெட்டில் விட்டு, குடுவையின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு தண்ணீர் வெளியே போகட்டும். முகர்ந்து பாருங்கள். வாடை துளியும் இல்லை என்றால்தான் சம்ப்பில் விடலாம். இருந்தால் திறந்து, பெல்லட்டைத் தொட்டித் தண்ணீரில் அலசிப் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் நல்ல பாக்டீரியாவும் செத்துப்போகும்.

வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கு என்ன செய்வது? நம் போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டரைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட் போனால் விழுந்துவிடும், திரும்ப வந்தால் தானாக ஓடாது, பச்சை பட்டனை அழுத்த வேண்டும். அதே தத்துவத்தில் சின்ன கான்டாக்டர் ஒன்றை எலக்ட்ரீஷியன் போட்டுத் தருவார். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லி, செய்ய வேண்டியதைத் தொட்டிக் கதவில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பல நாள் ஆகும் என்றால் பெல்லட்டை வெளியே எடுத்துவிட்டுப் போவது உத்தமம். இன்வெர்ட்டர் இருந்தால் அதைத் தண்ணீரைச் சுழற்றும் பம்புக்குக் கொடுங்கள். ஜி.எஃப்.ஓ., கார்பன் குடுவைகளிலும் கழிவு தேங்கி இருக்கும், நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு அதற்கும் பக்கெட் வைத்தியம்தான்.

பெல்லட்டில் இன்னும் இரண்டு. உருண்டைகள் எப்போதும் மெல்லப் புரண்டுகொண்டே இருக்க வேண்டும், ஒட்டிக்கொண்டால் கரண்ட் இருக்கும்போதே உள்ளே அழுக ஆரம்பிக்கும். வெளிவரும் குழாயை ஸ்கிம்மரின் வாய்க்கு அருகில் வையுங்கள், உதிரும் பாக்டீரியாவை அது வெளியே தள்ளிவிடும். புதிதாகப் போட்டதும் நைட்ரேட் குறையவில்லை என்று பதறாதீர்கள், பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வாடகைக்கு வருபவர்களுக்கு நாம் கொடுக்கும் அவகாசத்தை அவற்றுக்கும் கொடுங்கள்.

கீழ் வீட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்கள். ஒழுகல். குடுவையின் மூடியில் ஓ-ரிங் இருக்கிறது. ஒரு மணல் துகள் மாட்டினாலும் சொட்டும். துடைத்து, சிலிகான் கிரீஸ் தடவி, கையால் மட்டும் இறுக்குங்கள். வாசலின் தடவினால் சில வகை ரப்பர் ஊதிப்போகும். ஓட்டத்தைக் குறைக்கும் வால்வை உள்ளே போகும் பக்கம் வையுங்கள். வெளிவரும் பக்கம் வைத்து மூடினால் அழுத்தம் முழுவதும் குடுவைக்குள் ஏறி ஓ-ரிங்கைச் சோதிக்கும். முடிந்தால் குடுவையை சம்ப்புக்குள்ளேயே நிற்க வையுங்கள், ஒழுகினாலும் சம்ப்பிலேயே விழும். வெள்ளை உப்புப் பூ பூத்திருக்கும் இடம் ஒழுகும் இடம், அதைத் துடைத்துவிட்டு மறக்காதீர்கள். பிளக்குக்குப் போகும் ஒயர் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். ஒயர் வழியாக வரும் துளி வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் உப்புத் தண்ணீரில் கை வைக்காதீர்கள். இதில் நான் கண்டிப்பானவன்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகளில் மூன்றை மட்டும் எழுதுகிறேன்.

ராமேஸ்வரம் போகும்போது கடலிலிருந்து பவளக் கல் கொண்டுவரலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது. பாறை கட்டும் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே அட்டவணை. தொட்டிக்கு செராமிக் கல் கிடைக்கிறது. கோமாளி மீனையும் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதை வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். கடலில் பிடித்ததைவிட நம் தொட்டிக்கு அது சீக்கிரம் பழகும்.

மாற்றும் உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று மாடித் தோட்டக் குழுவினர் கேட்டார்கள். செடி செத்துவிடும். முப்பது லிட்டரில் ஒரு கிலோ உப்பு இருக்கிறது. சாக்கடையில் விடுங்கள். ஆனால் ஐந்து வீட்டாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை கொட்டாமல் ஆளுக்கு ஒரு கிழமை வைத்துக்கொண்டால், எஸ்.டி.பி. தொட்டியில் இருக்கும் பாக்டீரியாவும் பிழைக்கும்.

ஜெனரேட்டரிலிருந்து மீன் தொட்டிக்குத் தனி இணைப்பு கேட்கலாமா என்பது கடைசிக் கேள்வி. கேட்கலாம், பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும். ஒரு சுழற்சி பம்புக்கு இருபது முப்பது வாட் போதும், ஒரு டியூப்லைட்டைவிட அதிகமில்லை, ஜெனரேட்டருக்குச் சுமையே அல்ல. ஆனால் ஜெனரேட்டர் இணைப்பு வந்தாலும் ரியாக்டருக்குத் தனி சுவிட்ச் வேண்டும். ஏனென்றால் ஜெனரேட்டரும் டீசல் தீர்ந்து நிற்கும், திரும்ப ஓடும். சுவிட்ச் எப்படிப் போடுவது என்று பார்க்க விரும்புபவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டுக்கு வாருங்கள். காபி உண்டு. வரும்போது உங்கள் தொட்டித் தண்ணீரையும் ரியாக்டர் தண்ணீரையும் இரண்டு தனித்தனி பாட்டிலில், எது எது என்று பெயர் எழுதிக் கொண்டுவாருங்கள்.